ஆய்வுத் திட்டம் எழுதும் மாணவருக்கு

வினாக்கொத்தைத் தயாரிக்க அவசரப்படாதீர்கள். ஆய்வு வினாவைச் சுருக்குவதுதான் முதல் வேலை. “மாத்தளை மாவட்ட மாணவரின் வாசிப்பு” என்பது தனியொருவரால் தாங்க முடியாத பரப்பு. மாவட்டத்தில் நான்கு கல்வி வலயங்கள் உண்டு. “கலேவெல வலயப் பாடசாலையொன்றில் தரம் 7 மாணவரின் தமிழ் வாசிப்பு” என்றால் ஒரு தவணைக்குள் முடிக்கலாம்.

மாதிரியின் அளவுக்கு கிரெஜ்சி–மோர்கன் அட்டவணை (1970) கைகொடுக்கும்: 100 பேருக்கு 80, 200 பேருக்கு 132. ஒரே வகுப்பென்றால் மாதிரியே வேண்டாம், எல்லோரையும் சேருங்கள்.

வினா அமைப்பில்தான் நல்ல ஆய்வும் சறுக்கும். “வாசிக்க விருப்பமா?” என்று கேட்டால், ஆசிரியருக்குப் பிடிக்கும் என்றெண்ணிப் பிள்ளை “ஆம்” என்றே எழுதும். “போன வாரம் பாடப்புத்தகம் தவிர என்ன வாசித்தீர்கள்?” என்று கேளுங்கள். ஆய்வில் சேராத சில பிள்ளைகளிடம் வினாக்கொத்தை முன்கூட்டியே கொடுத்துப் பாருங்கள். எந்த வினாவில் பேனா தயங்கி நிற்கிறதோ அதைத் திருத்துங்கள். நூலக இரவல் பதிவேட்டோடு விடைகளை ஒப்பிடுவது மிக அவசியம்.

தவணைப் பரீட்சைக் காலத்தைத் தவிர்த்துக் கால அட்டவணை போடுங்கள். அதிபரிடமும் வலயக் கல்விப் பணிமனையிலும் அனுமதியை எழுத்தில் பெறுங்கள். பெற்றோரின் சம்மதமும் வேண்டும். பிள்ளைகளின் பெயரை அறிக்கையில் எங்கும் எழுதாதீர்கள்.