மூச்சை எண்ணுங்கள்

மத்தியப் பிரதேசத்தில் சிங்ரௌலி என்று ஒரு மாவட்டம். சுற்றிலும் நிலக்கரிச் சுரங்கங்கள், அனல் மின் நிலையங்கள். விந்தியாசல் மின் நிலையம் மட்டும் 4,760 மெகாவாட் திறன் கொண்டது. வெளிச்சம் பல ஊர்களுக்குப் போகிறது. சாம்பல் அங்கேயே குவிகிறது.

புகையில் உள்ள நுண்தூசி கண்ணுக்குத் தெரியாது. தலைமுடியின் பருமனில் முப்பதில் ஒரு பங்குதான். பெரிய தூசியை மூக்கு பிடித்துவிடும். இது தப்பி, நுரையீரலின் அடிவரை போய்விடும்.

நாம் நிமிடத்துக்குச் சுமார் 16 முறை மூச்சு விடுகிறோம். இரண்டு வயதுக் குழந்தை 25, 30 முறை விடும். அதன் நுரையீரல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. அதனால்தான் புகை நிறைந்த ஊரில் குழந்தைகளுக்கு அடிக்கடி இருமல், இளைப்பு. "வெறும் சளிதானே" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அது தப்பு.

குழந்தைக்கு இருமலா? அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிப் பாருங்கள். கடிகாரத்தை வைத்து ஒரு நிமிடம் முழுவதும் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. அந்த எண்ணோ, அதற்கு மேலோ வந்தால் நிமோனியாவாக இருக்கலாம். அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுகிறதா? எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.