கேள்வியின் கடைசிச் சொல்

நியூட்டனின் இரண்டாம் விதியைக் கொண்டு விசையின் சமன்பாட்டைத் தருவி. பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் ஏழு மதிப்பெண் கேள்வி. என் வகுப்பில் பாதிப் பேர் 'விசை = நிறை × முடுக்கம்' என்று ஒரு வரி எழுதி, சுற்றிக் கட்டமும் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். உந்தம் இல்லை, உந்த மாறுபாட்டு வீதம் இல்லை. இத்தனைக்கும் அதைக் கரும்பலகையில் படிப்படியாகப் போட்டுக் காட்டிய பிள்ளைகளும் அவர்களில் உண்டு. விசாரித்தால், "சமன்பாட்டைத் தரச் சொன்னாங்க, தந்துட்டோம் சார்" என்கிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. யார் வீட்டில் யார் எதைத் தருவிக்கிறார்கள்?

தேர்ச்சி பற்றிய கூட்டத்தில் என்னை எழுப்பி நிறுத்திக் கேட்டார்கள். பாடம் தெரிகிறது, கேள்விதான் புரியவில்லை என்றேன். "அது தமிழாசிரியர் வேலை. நீங்க தினமும் ஸ்லிப் டெஸ்ட் வைங்க" என்று பதில் வந்தது. கூடவே ஒரு அச்சடித்த தாளும் கிடைத்தது. வரையறு, விவரி, ஒப்பிடு என்று வரிசையாகச் சொற்கள், எதிரே பொருள். மனப்பாடம் செய்ய வைக்கவேண்டுமாம். செய்தார்கள். ஒப்பிடு என்றால் என்ன என்று கேட்டால் அட்சரம் பிசகாமல் ஒப்பித்தார்கள். ஒப்பிடத்தான் வரவில்லை.

தாளை மேசைக்குள் வைத்துப் பூட்டினேன். பிள்ளைகளிடம் கேள்வியைக் கடைசிச் சொல்லிலிருந்து படிக்கச் சொன்னேன். நம் மொழியில் ஏவல் வினை வாக்கியத்தின் முடிவில்தான் வரும். நம் பிள்ளைகளோ முதலில் 'இதயம்' என்று பார்த்த மாத்திரத்தில், தெரிந்த பாடம்தானே என்று பேனாவை ஓட்ட ஆரம்பித்துவிடுவார்கள். ஆங்கில வழியில் படிக்கிற பிள்ளைக்குக் கட்டளை பெரும்பாலும் முதல் சொல்லாகவே கண்ணில் பட்டுவிடும். அந்தச் சலுகை நமக்குக் கிடையாது.

கடைசிச் சொல்லோடு நின்றுவிடவும் கூடாது. 'நிலைமத்தை வரையறுத்து, அதன் வகைகளை எடுத்துக்காட்டுடன் விளக்குக' என்று வந்தால் அதில் மூன்று வேலை இருக்கிறது. 'விளக்குக' எல்லோருக்கும் தெரியும். 'வரையறுத்து' என்று எச்சமாக நிற்பதும் கட்டளைதான் என்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. பிள்ளை நேரே வகைகளுக்குத் தாவுகிறது, வரையறைக்கான மதிப்பெண் போகிறது. இப்போது விடை எழுதும் முன் கேள்வியில் எத்தனை வேலை என்று விரல் மடக்கிச் சொல்லவேண்டும் என்பது என் வகுப்பில் சட்டம்.

மிக அதிகமாக நான் பாடுபட்டது 'வேறுபடுத்துக'வோடு. தமனி, சிரை இரண்டையும் வேறுபடுத்தச் சொன்னால் நடுவில் கோடு கிழித்து, இடப்பக்கம் 'தமனியின் சுவர் தடிமனானது', வலப்பக்கம் 'சிரையில் வால்வுகள் உண்டு' என்று எழுதுவார்கள். இரண்டும் உண்மை. ஆனால் சுவருக்கு எதிரே சுவர்தானே வரவேண்டும்? நான் இடது ஓரத்தில் 'எதை வைத்து?' என்று மூன்றாவதாக ஒரு பத்தி போடவைத்தேன். அதில் சுவர், வால்வு, இரத்தம் போகும் திசை என்று முதலில் நிரப்பிவிட வேண்டும். அதன் பிறகு தப்பவே முடியாது. தமனியில் வால்வு உண்டா இல்லையா என்று பையன்கள் புத்தகத்தைப் புரட்டினார்கள். எந்த ஸ்லிப் டெஸ்ட்டும் அவர்களைப் புரட்ட வைத்ததில்லை.

அதே தமனியை வைத்துக்கொண்டு வரையறு, விவரி, காரணம் கூறு என்று கேள்வியை மாற்றி மாற்றிப் போடுங்கள். பொருள் ஒன்று, வேலை வேறு என்பது தானாகப் புரியும். காரணம் கேட்டால் விடையில் 'ஏனெனில்' இருந்தே ஆகவேண்டும். வரையறுக்கச் சொன்னால் ஒரு தொடரைக்கூட விடக்கூடாது. ஓம் விதியில் 'மாறா வெப்பநிலையில்' என்பதை விட்டுவிட்டால் விதியே நிற்காது. இவற்றுக்கு அதிக நேரம் பிடிக்காது.

கூற்று-காரணம் வகைக் கேள்விக்கு மட்டும் ஒரு தந்திரம் சொல்கிறேன். கூற்று: பாதரசம் அறை வெப்பநிலையில் திரவமாக இருக்கும். காரணம்: பாதரசம் ஓர் உலோகம். இரண்டும் சரி என்று கண்டதும், காரணம் கூற்றை விளக்குகிறது என்ற விடைக்குத் தாவிவிடுகிறார்கள். நடுவில் 'ஏனென்றால்' போட்டுச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். "பாதரசம் திரவமா இருக்கு, ஏனென்றால் அது உலோகம்." பின்பெஞ்சிலிருந்து ஒருவன், "அப்ப இரும்பும் ஓடணுமே சார்" என்றான். வருகைப்பதிவில் 'மெல்லக் கற்போர்' என்று அவன் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் குறித்து வைத்திருந்தார்கள்.

பொதுத்தேர்வில் கேள்வித்தாளைப் படிக்க முதல் பத்து நிமிடம் தருகிறார்கள். தெரிந்த கேள்வி எது, விடக்கூடியது எது என்று தேடுவதிலேயே அது தீர்ந்துவிடாமல், ஏழு மதிப்பெண் கேள்விகளிலாவது எத்தனை வேலை என்று எண்ணிப் பார்க்கப் பழக்குங்கள். உங்கள் தலைமையாசிரியரும் நேரம் வீண் என்றுதான் சொல்வார். எட்டாவது பீரியடில் செய்யுங்கள், அங்கே யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

எங்கள் பள்ளியில் அந்த வருடம் அறிவியல் தேர்ச்சி ஏறியது. ஆண்டுவிழாவில் ஸ்லிப் டெஸ்ட்டுகளைப் பாராட்டிப் பேசினார்கள். நான் இப்போது ஒன்பதாம் வகுப்பிலிருந்தே தொடங்கியிருக்கிறேன், யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.