மீன் தின்பதும் மீனுக்குச் செரிப்பதும்

"மீனுக்கு எதைப் போட்டாலும் தின்னும்" என்று நம்ம பக்கம் சொல்வார்கள். தின்னும், சரி. செரிக்குமா? அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

மீனின் குடல்

நம் சிறுகுடலில் குடலுறிஞ்சிகள் இருப்பதைப் பாடத்தில் படித்திருக்கிறோம். மீனின் குடலுக்குள்ளும் மடிப்பு மடிப்பாக இருக்கும். சத்தை உறிஞ்சுவது இவைதான். மேலே வழவழப்பான சளிப்படலம். அதில் நல்லது செய்யும் நுண்ணுயிரிகள் வாழ்கின்றன. நோய்க்கிருமியைத் தடுக்கும் சுவரும் இதுதான்.

எல்லா மீனுக்கும் குடல் ஒரே மாதிரி இல்லை. ரோகு, கட்லாவுக்கு இரைப்பையே கிடையாது! ஆனால் ரோகுவின் குடல் அதன் உடம்பைவிடப் பல மடங்கு நீளம். தவிடும் கடலைப் புண்ணாக்கும் அதற்கு ஒத்துக்கொள்ளும். கொடுவா மற்ற மீனைப் பிடித்துத் தின்னும். அதற்கு இரைப்பை உண்டு, குடல் குட்டை.

சோயாவால் வந்த வம்பு

கொடுவாவுக்கு 100 கிலோ தீனியில் 40 கிலோவுக்கு மேல் புரதம் வேண்டும். மத்தி போன்ற சின்ன மீன்களை அரைத்த மீன்தூளில்தான் அது நிறைய உண்டு. மீன்தூள் விலை அதிகம். ஏழைகள் வாங்கிச் சாப்பிடும் மீனும் அதற்குப் போகிறது. அதனால்தான் சோயாப் புண்ணாக்கைச் சேர்க்கிறார்கள்.

நார்வே நாட்டில் சால்மன் மீனுக்கு அப்படிக் கொடுத்தபோது, குடலின் கடைசிப் பகுதியில் அழற்சி வந்தது. மடிப்புகள் குட்டையாகிவிட்டன. 1996-இல் விஞ்ஞானிகள் இதை விரிவாக எழுதினார்கள். சோயாவை நிறுத்தியதும் சில வாரங்களில் குடல் தேறியது.

சோயாவில் உள்ள சபோனின் இதற்கு முக்கியக் காரணம். பூந்திக்கொட்டையைக் கசக்கினால் நுரை வருதே, அதுவும் சபோனினால்தான். புரதத்தைச் செரிக்க விடாத இன்னொரு பொருளும் சோயாவில் உண்டு. அது வேகவைத்தால் போய்விடும். சபோனின் அப்படிப் போகாது.

என்ன செய்யலாம்?

1. மீனின் குடலைப் பார்த்து, சோயாவை அளவாகச் சேர்க்கணும்.
2. இட்லி மாவு போலப் புளிக்க வைக்கலாம். நுண்ணுயிரிகள் கெடுதலான பொருள்களைக் குறைத்துவிடும்.
3. புண்ணாக்கு மூட்டை மழையில் நனையக் கூடாது. பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். அது கல்லீரலைக் கெடுக்கும். வெயிலில் காயவைத்தாலும் முழுசாகப் போகாது.

நமக்குப் பக்கத்தில்

தாம்பரத்திலிருந்து கேளம்பாக்கம், கோவளம் வழியாகப் போனால் முட்டுக்காடு. அங்கே மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தின் ஆய்வு நிலையம் இருக்கிறது. 1987-இல் தொடங்கிய இந்த நிறுவனம், 1997-இல் இந்தியாவிலேயே முதல்முறையாகக் கொடுவாவை வளர்ப்பில் வைத்தே முட்டையிட வைத்தது. நம் நாட்டிலேயே கிடைக்கும் பொருள்களில் கொடுவாவுக்கும் இறாலுக்கும் தீனி செய்யும் ஆராய்ச்சியும் செய்கிறது.

மீன் வளர்ப்பவர்களுக்குச் செலவில் பெரும்பங்கு தீனிக்கே போகிறது. கடன் வாங்கிப் போட்ட தீனி செரிக்காவிட்டால், கழிவாகித் தண்ணீரைக் கெடுக்கும். தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறக்கும். தீனி மூட்டையில் "புரதம் இத்தனை சதவீதம்" என்று போட்டிருப்பார்கள். அதில் எவ்வளவு மீனின் உடம்பில் சேரும் என்பது குடலைப் பொறுத்தது.

செய்து பாருங்கள்: வீட்டில் ரோகு வாங்கினால், அம்மா குடலைத் தூக்கிப் போடும் முன் கேட்டு வாங்கி, நீட்டி ஸ்கேலால் அளந்து பாருங்கள். கொடுவா வாங்கும்போதும் அளந்து, இரண்டையும் இந்தத் தாளின் கீழே எழுதுங்கள். கையை சோப்புப் போட்டுக் கழுவ மறக்காதீங்க!

– 9-ஆம் வகுப்பு மாணவி