பிசியில் கோபோல் கம்பைல் பண்ணுகிறாயா? அக்கா சொல்வதைக் கேள்

மெயின்ஃபிரேமில் ஜாப் சப்மிட் பண்ணிவிட்டு க்யூவில் காத்துக் கிடக்கப் பொறுமை இல்லை. பிசியில் குனூகோபோலைப் போட்டு, அங்கேயே கம்பைல் பண்ணி, டெஸ்ட்டும் முடித்து, கடைசியில் மேலே ஏற்றிக்கொள்ளலாம் என்று பார்க்கிறாய். நல்ல யோசனைதான், தாராளமாகச் செய். ஆனால் “எர்ரரே இல்லக்கா, கம்பைல் ஆயிடுச்சு” என்று என்னிடம் வந்து குதிக்காதே. கம்பைல் ஆவதில் என்ன இருக்கிறது? ஆளைக் கவிழ்ப்பது டேட்டா.

1. முதலில் எடிட்டரில் டேபை அணைத்துவிடு. 7, 8, 12, 72 ஆகிய நெடுவரிசைகளில் கோடு போட்டு வை. 72-ஐத் தாண்டி எழுதியதை மெயின்ஃபிரேம் கம்பைலர் கண்டுகொள்ளாது. இஃப்-ஐ முடிக்கும் முற்றுப்புள்ளி 73-இல் போய் விழுந்தால், அடுத்த வரியும் அந்த இஃப்-க்குள் போய்விடும், எர்ரரும் வராது. ஃப்ரீ ஃபார்மட் சுகமாகத்தான் இருக்கும், வேண்டாம்.

2. எஸ்டிடி ஆப்ஷனில் ஐபிஎம் என்று கொடுக்க மறக்காதே. அதோடு உங்கள் ஷாப்பில் டிரங்க் ஆப்ஷன் எப்படி வைத்திருக்கிறார்கள் என்று சீனியரிடம் கேள். நாலு இலக்க காம்ப் ஃபீல்டில் 12345-ஐப் போட்டால் டிரங்க் ஸ்டாண்டர்டில் 2345 மட்டும் நிற்கும்; டிரங்க் பைனரியில் முழு எண்ணும் நிற்கும். இதைக் கேட்க என்ன கூச்சம்?

3. இதை மட்டும் இரண்டு தரம் படி. காம்ப்-3 ஃபீல்டு உள்ள ஃபைலை எஃப்டிபியில் ஆஸ்கி மோடில் இறக்காதே. அது எப்ஸிடிக் எழுத்துகளை ஆஸ்கியாக மாற்றுகிறேன் என்று எண்ணையும் சேர்த்து மாற்றிவிடும். 12405 என்ற தொகை பேக்டு டெசிமலில் மூன்று பைட்: 12, 40, 5சி. எப்ஸிடிக்கில் 40 என்றால் ஸ்பேஸ், 5சி என்றால் நட்சத்திரக் குறி. ஆஸ்கியில் ஸ்பேஸ் 20, நட்சத்திரம் 2ஏ. இறங்கி வருவது 12, 20, 2ஏ. கடைசியில் உள்ள ஏ-யும் பிளஸ் குறியாகச் செல்லும் என்பதால், உன் புரோகிராம் அதை 12202 என்று சமர்த்தாகப் படித்துக்கொண்டு போகும். அபெண்டும் இல்லை, வார்னிங்கும் இல்லை. அதனால் பைனரி மோடில் இறக்கி, காப்பிபுக்கைப் பார்த்து ஃபீல்டு ஃபீல்டாக மாற்று. நேரம் இல்லையா? மேலேயே டிஎஃப்சார்ட்டில் பேக்டு ஃபீல்டையெல்லாம் சாதாரண எண்ணாக்கி, மைனஸ் குறியைத் தனி எழுத்தாக வைத்து, அதன் பிறகு டெக்ஸ்டாக இறக்கிக்கொள். இன்னொன்று, நிஜ வாடிக்கையாளர் டேட்டா உன் பிசிக்கு வரவே கூடாது. மாஸ்க் பண்ணியதை மட்டும் கேட்டு வாங்கு.

4. சார்ட் வரிசையை நம்பாதே. ஆஸ்கியில் எண், பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று வரும். எப்ஸிடிக்கில் அப்படியே தலைகீழ். எண்ணும் எழுத்தும் கலந்த கணக்குக் குறியீடு இருந்தால் மேட்ச்-மெர்ஜ், சர்ச் ஆல் எல்லாம் பிசியில் ஒரு மாதிரி, அங்கே வேறு மாதிரி. ஸ்பெஷல் நேம்ஸில் எப்ஸிடிக் ஆல்ஃபபெட்டைச் சொல்லி, புரோகிராம் கொலேட்டிங் சீக்வென்ஸாகப் போட்டுவிடு. இரண்டே வரி.

5. பிசி ரொம்பச் செல்லம் கொடுக்கும். எண் இருக்கவேண்டிய ஃபீல்டில் ஸ்பேஸ் இருந்தாலும் சைபர் என்று எடுத்துக்கொண்டு போய்விடலாம். மெயின்ஃபிரேம் சாக்-செவன் கொடுத்து நடுராத்திரியில் உன்னை எழுப்பும். டெஸ்ட் பண்ணும்போது டீபக் ஆப்ஷன் எப்போதும் ஆனில் இருக்கட்டும். வொர்க்கிங் ஸ்டோரேஜில் வேல்யூ கொடுக்காமல் விடுகிற சோம்பேறித்தனமும் வேண்டாம்.

6. எக்ஸெக் சிக்ஸ், எக்ஸெக் எஸ்கியூஎல் வரிகளை குனூகோபோல் தானாகப் புரிந்துகொள்ளாது. அதற்காக சிக்ஸையே பிசியில் கட்ட உட்காராதே. வட்டிக் கணக்கு, செக் டிஜிட் மாதிரியானவற்றைத் தனி சப்-புரோகிராமாகப் பிரித்து, அதை மட்டும் பிசியில் சோதி.

7. பிசியில் வந்த எக்ஸிகியூட்டபிளைத் தூக்கிக்கொண்டு மேலே போகாதே. குனூகோபோல் உன் சோர்ஸை சி-யாக மாற்றி, உன் பிசியின் சிப்புக்குத்தான் கம்பைல் பண்ணுகிறது. சோர்ஸை மட்டும் ஏற்றி அங்கே திரும்ப கம்பைல் பண்ணு. ஏற்றுவதற்கு ஜோவி இருக்கிறது, விஷுவல் ஸ்டுடியோ கோடுக்குள்ளிருந்தே வேலை முடிந்துவிடும்.

8. சி-யில் எழுதுகிறவர்களுக்கு: எஸ்390எக்ஸ் ஜிசிசி லினக்ஸ் ஆன் இசட்டுக்கானது, அதன் அவுட்புட் இசட்-ஓஎஸ்ஸில் ஓடாது. இசட்-ஓஎஸ்ஸுக்கு ஆப்ஜெக்ட் தருகிற கிராஸ்-கம்பைலர் உங்கள் ஷாப்பில் இருந்தால், அந்த ஆப்ஜெக்டை பைனரியில், 80 பைட் ஃபிக்ஸ்டு பிளாக்காக ஏற்று. ‘ஏ’ முதல் ‘இசட்’ வரை ஒன்று கூட்டிக்கொண்டே போகும் லூப்பை இப்போதே அழித்துவிடு. எப்ஸிடிக்கில் ‘ஐ’-க்கும் ‘ஜே’-வுக்கும் நடுவில் இடைவெளி உண்டு. சதுர அடைப்புக்குறியை கம்பைலர் ஏற்கவில்லை என்றால் கோடு பேஜ் 037-ஆ 1047-ஆ என்று பார்.

மெயின்ஃபிரேமே கிடைக்காதவர்கள் ஹெர்குலிஸ் எமுலேட்டரில் எம்விஎஸ் 3.8ஜே ஓட்டிப் பழகலாம். ஜேசிஎல் நன்றாகப் படியும். ஆனால் அதிலுள்ள பழைய கோபோலுக்கு எண்ட்-இஃப் தெரியாது, அதற்காக அழாதே. நிஜ இசட்-ஓஎஸ்தான் வேண்டுமென்றால் ஐபிஎம் இசட் எக்ஸ்ப்ளோரில் இலவசமாகவே லாகின் கிடைக்கிறது, இன்றைக்கே பதிந்துகொள்.