எந்தப் பணத்தை முதலில் வாங்குவது? ஹெப்பகோடியிலிருந்து ஒரு வழிகாட்டி

பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் தடத்தில் ஹெப்பகோடியில் இறங்கினால், நிலையத்தின் பெயரோடு பயோகான் என்ற சொல்லும் சேர்ந்திருக்கும். நிலையத்துக்கு 65 கோடி ரூபாய் தர முன்வந்தது பயோகான் அறக்கட்டளை. 1978-ல் கிரண் மஜும்தார் ஷா ஒரு கார் கொட்டகையில் 10,000 ரூபாயை வைத்து பயோகானைத் தொடங்கியபோது, வங்கிகள் அவருக்குக் கடன் தரத் தயங்கின. இன்று பொம்மசந்திராவின் பட்டறைகளுக்கு நடுவே அறை எடுத்துத் தங்கி, மலிவான மருத்துவக் கருவியோ குடிநீர்ச் சோதனைக் கருவியோ செய்து பார்க்கிறவருக்குப் பணம் தரும் வாசல்கள் பல. எதில் முதலில் நுழைவது என்பதுதான் குழப்பம். சீட்டுக் கட்டியவர்களுக்குத் தெரியும்: எவ்வளவு எடுத்தோம் என்பதோடு, எந்த மாதம் எடுத்தோம் என்பதும் கணக்குத்தான்.

மருத்துவம், வேளாண்மை, உயிரித் தொழில்நுட்பம் சார்ந்த யோசனை என்றால் என் முதல் பரிந்துரை, மத்திய அரசின் பைராக் நிறுவனம் தரும் 'பிக்' மானியம். 18 மாதங்களுக்கு 50 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். பங்கு கேட்க மாட்டார்கள். கண்டுபிடிப்பின் உரிமை உங்களிடமே இருக்கும். சொந்த ஆய்வகம் இல்லையென்றால், தொடக்க நிறுவனங்களுக்கு இடமும் வசதியும் தரும் ஓர் இன்குபேட்டரில் இடம் பிடிக்க வேண்டும். அதற்காக நகரத்துக்குள் அலைய வேண்டாம். எலக்ட்ரானிக் சிட்டியின் ஹீலிக்ஸ் பயோடெக் பூங்காவிலேயே பெங்களூரு பயோஇன்னொவேஷன் சென்டர் இருக்கிறது.

யோசனை உயிரியல் சார்ந்ததாக இல்லாமல், குப்பை பிரிக்கும் இயந்திரமாகவோ காது கேளாதோருக்கான செயலியாகவோ இருந்தால் ஸ்டார்ட்அப் இந்தியா சீட் ஃபண்டைப் பாருங்கள். 2021-ல் 945 கோடி ரூபாயில், நான்கு ஆண்டுகளுக்கென்று தொடங்கிய திட்டம் இது; பணம் இன்குபேட்டர்கள் வழியாகத்தான் வரும் என்பதால், விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று முதலில் அங்கே கேட்டுக்கொள்ளுங்கள். மாதிரிக் கருவி செய்ய 20 லட்சம் வரை மானியம். சந்தைக்குக் கொண்டுபோக 50 லட்சம் வரை கடனாகவோ, பிறகு பங்காக மாறும் கடன்பத்திரமாகவோ. இதில் இரண்டு நிபந்தனைகளைப் பலர் கவனிப்பதில்லை. விண்ணப்பிக்கும்போது நிறுவனம் பதிவாகி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. வேறு அரசுத் திட்டங்களில் 10 லட்சத்துக்கு மேல் வாங்கியிருக்கவும் கூடாது. 'பிக்' வாங்கிவிட்டு இங்கே வந்தால் கதவு சாத்தியிருக்கும். இரண்டு ஆண்டுக் கணக்கு பதிவு நாளிலிருந்தே ஓடும்; ஆகவே கையில் யோசனை மட்டும் இருக்கும்போது அவசரப்பட்டு நிறுவனத்தைப் பதிவு செய்யாதீர்கள். 'பிக்' மானியத்துக்குத் தனிநபராகவும் விண்ணப்பிக்கலாம்.

எந்த மானியமும் தவணையாகத்தான் வரும். ஒரு கட்ட வேலையை முடித்துக் காட்டினால்தான் அடுத்த தவணை. அந்த இடைவெளியில் வாடகைக்கும் உதவியாள் சம்பளத்துக்கும் வெளியே வட்டிக்கு வாங்கத் தொடங்கினால், கிடைத்த மானியமே சுமையாகிவிடும். ஆறு மாதச் செலவைத் தனியே எடுத்து வைக்க முடியாதவர்கள், வேலையை விடாமல் மாலை நேரங்களில் தொடங்குவதே நல்லது. நல்ல யோசனை உள்ள ஓர் இளைஞர் கடனில் மாட்டிக்கொள்வதைப் போல வருத்தம் தருவது வேறில்லை.

அடுத்தது, இங்குள்ள தமிழர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி. அத்திப்பள்ளியைத் தாண்டினால் தமிழ்நாடு. பதிவு கர்நாடகத்திலா, ஓசூரிலா? 2017-ல் தொடங்கிய கர்நாடகத்தின் எலிவேட் திட்டம் 50 லட்சம் வரை தருகிறது. தமிழ்நாட்டின் டான்சீடில் 10 லட்சம்; பெண்கள் நடத்தும் நிறுவனம், பசுமைத் தொழில்நுட்பம், கிராமப்புறப் பயன் என்றால் 15 லட்சம். இரண்டுமே தத்தம் மாநிலத்தில் பதிவான நிறுவனங்களுக்குத்தான். உங்கள் கருவியைப் பயன்படுத்தப் போகிறவர்கள் கிருஷ்ணகிரி, தருமபுரி விவசாயிகள் என்றால் ஓசூரே சரி. பட்டறையும் ஆய்வகமும் மருத்துவமனையும் இந்தப் பக்கம் இருக்கும்போது, மானியத்துக்காக மாமா வீட்டு முகவரியில் பதிய வேண்டாம். பதிவு அலுவலகத்தைப் பிறகு மாநிலம் மாற்ற மத்திய அரசின் ஒப்புதல் வரை போக வேண்டும்.

பெரிய நிறுவனங்களின் சிஎஸ்ஆர் பணம் கண்ணெதிரே கொட்டிக் கிடப்பது போலத் தெரியும். 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளர்ந்த நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். ஆனால் உங்கள் பிரைவேட் லிமிடெட் நிறுவனத்துக்கு முதலீடாக அது வராது. பெரும்பாலும் அறக்கட்டளை, சங்கம், எட்டாம் பிரிவு நிறுவனம் ஆகியவற்றின் வழியாகவே போகும். அவற்றுக்கும் பொதுவாக மூன்று ஆண்டு அனுபவம் வேண்டும். அரசு ஆதரவு பெற்ற இன்குபேட்டர்களுக்கும் தரலாம். அதனால் சிஎஸ்ஆர் அதிகாரியிடம் முதலீடு கேட்டு நிற்காதீர்கள். அந்தப் பணத்தில் பள்ளிக்கோ சுகாதார நிலையத்துக்கோ கருவி வாங்கிக் கொடுக்கும் தொண்டு நிறுவனத்திடம் போய் விலை பேசுங்கள்.

வாங்குகிறவர் யார் என்பது பணத்தைவிடப் பெரிய கேள்வி என்பதற்கு மதுரை சாட்சி. 1992-ல் கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸைச் செய்ய ஆரோலேப் தொடங்கியபோது, லென்ஸை வாங்கிப் பயன்படுத்த அரவிந்த் கண் மருத்துவமனை அருகிலேயே இருந்தது. அறக்கட்டளையாகவே இருந்து, இறக்குமதி லென்ஸின் விலையில் ஒரு சிறு பங்குக்குத் தர அவர்களால் முடிந்தது. பெங்களூரின் செல்கோ வேறு வழியில் போனது. 1995-ல் தொடங்கிய ஹரிஷ் ஹண்டே, சூரிய விளக்கு வாங்கும் குடும்பங்களுக்குக் கிராமிய வங்கிகள் கடன் தரும்படி பேசி ஏற்பாடு செய்தார். கடன் நிறுவனத்துக்குப் போகாமல் வாடிக்கையாளருக்குப் போனது. கையில் மொத்தப் பணம் இல்லாதவரும் தவணையில் விளக்கு வாங்கினார். விலை மக்களுக்கு எட்டாது என்று கவலைப்படுகிறவர்கள் இந்த வழியை அவசியம் யோசிக்க வேண்டும்.

பங்கு முதலீட்டைக் கடைசியில் வைத்திருக்கிறேன். சென்னையில் பிறந்த வில்க்ரோவும், ஆவிஷ்கார், அக்யுமென் போன்றவர்களும் சமூக நோக்கத்தைப் புரிந்துகொண்டு பணம் போடுகிறவர்கள். ஆனாலும் பெரும்பாலான நிதிகளுக்கு ஆயுள் பத்தாண்டுதான். அதற்குள் முதலீட்டை எடுத்தாக வேண்டும். மருத்துவமனைச் சோதனை, உரிமம் என்று பல ஆண்டுகள் பிடிக்கும் கருவிக்கு முதல் ஆண்டிலேயே பங்கை விற்றால், விலையை ஏற்றச் சொல்லும் நெருக்கடி சீக்கிரமே வரும். கையெழுத்திடுமுன் "உங்கள் நிதி எந்த ஆண்டு முடிகிறது?" என்று நேராகக் கேளுங்கள். சமூகப் பங்குச்சந்தை லாப நோக்கற்றவர்களுக்கும் திறந்திருக்கிறது. 2023 டிசம்பரில் அதில் முதலில் இடம்பெற்றது பெங்களூரின் உன்னதி அறக்கட்டளை. தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு அது இப்போது வேண்டாம்.

எந்த விண்ணப்பத்தை நிரப்பத் தொடங்கும் முன்பும், ஆனேக்கல் வட்டத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசுப் பள்ளியிலோ அனுமதி கேட்டு ஒரு நாள் முழுக்க உட்காருங்கள். வாங்கி வைத்தும் பயன்படாமல் அலமாரியில் தூங்கும் கருவி எது, ஏன் என்று அங்குள்ள செவிலியரிடமோ ஆசிரியரிடமோ கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.