ஒலியைப் பிறகு பார்க்கலாம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியம்மா எழுதுவது. சிந்து முத்திரைகளைப் படிக்கப் போன உன்னைக் குறிகளை எண்ணி அட்டவணை போட உட்கார வைத்துவிட்டார்கள் என்று உனக்குக் கோபம். உன்னோடு சேர்ந்த பையன் அதற்குள் முத்திரைகளைத் தமிழாகவே வாசித்து யூடியூபில் போட்டுவிட்டான் என்பது அதைவிடப் பெரிய கோபம். அவனுக்குக் கைதட்டல் கிடைக்கிறது, கிடைக்கட்டும். நான் உனக்கு ஆலிஸ் கோபரைப் பற்றிச் சொல்கிறேன்.

1906இல் நியூயார்க்கில் பிறந்தவர். பெற்றோர் ஹங்கேரியிலிருந்து குடியேறியவர்கள். 1932இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். புரூக்ளின் கல்லூரியில் ஆசிரியர் வேலை. பகலெல்லாம் வகுப்பு, விடைத்தாள், பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடங்களை பிரெயிலில் மாற்றிக் கொடுப்பது. மீதி நேரம் முழுக்க லீனியர் பி.

கிரீட் தீவின் நாசஸ் அரண்மனையை ஆர்தர் எவன்ஸ் 1900இல் தோண்டியபோது கிடைத்த களிமண் பலகைகளில் இருந்த எழுத்து அது. என்ன மொழி என்று தெரியாது, எந்தக் குறிக்கு என்ன ஒலி என்றும் தெரியாது. எவன்ஸோ பலகைகளில் பெரும்பகுதியை வெளியிடாமலே 1941இல் போய்ச் சேர்ந்தார். கையில் கிடைத்த கொஞ்சத்தை வைத்துக்கொண்டு ஒருவர் பாஸ்க் என்றார், இன்னொருவர் எட்ருஸ்கன் என்றார். யூடியூப்தான் இல்லை.

கோபர் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. மொழிகள் எப்படியெல்லாம் இயங்கும் என்று தெரிந்துகொள்ள ஹிட்டைட், அக்காடியன், பழைய ஐரிஷ் என்று வரிசையாகப் படித்தார். சமஸ்கிருதத்துக்காக ரயிலேறி யேல் பல்கலைக்கழகத்துக்குப் போய் வந்தார். அவற்றில் எதையும் பலகைகள்மேல் ஏற்றிப் பார்க்கவில்லை. எந்தக் குறி எங்கே வருகிறது, எதோடு சேர்ந்து வருகிறது என்று மட்டும் எழுதி வைத்தார். போர்க்காலத்தில் தாளுக்குப் பஞ்சம். வாழ்த்து அட்டை, தேவாலயச் சுற்றறிக்கை, தேர்வுத்தாள் உறை என்று கிடைத்ததையெல்லாம் வெட்டிச் சீட்டாக்கினார். சுமார் 1,80,000 சீட்டுகள், சிகரெட் அட்டைப்பெட்டிகளில் அடுக்கியபடி. நீ எக்செல்லைத் திட்டும்போது இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்.

அதிலிருந்து அவர் கண்டதுதான் விஷயம். சில சொற்கள் ஒரே மாதிரி தொடங்கி, கடைசியில் மட்டும் மூன்று விதமாக மாறின. நம் மொழியில் வைத்துப் பார். நூலை, நூலால், நூலில். மீனை, மீனால், மீனில். லை, லா, லி மூன்றும் ஒரே மெய் என்று நமக்குப் பார்த்தவுடன் தெரியும், நம் எழுத்தின் அமைப்பு அப்படி. லீனியர் பியில் அந்த மூன்றுக்கும் ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாத மூன்று உருவங்கள் இருக்கும். ஆனாலும் அடிச்சொல் ஒன்று, ஈறு வேறு என்று பிடித்துவிட்டால், இந்த மூன்று குறிகளுக்கும் மெய் பொது என்று சொல்லிவிடலாம். லையும் னையும் ஒரே ஈற்றில் வருவதால் அவற்றுக்கு உயிர் பொது. எந்த மெய், எந்த உயிர் என்று தெரியவே வேண்டாம். இப்படிப் பத்துக் குறிகளை ஒரு சின்னக் கட்டத்தில் வைத்து 1948இல் அச்சிட்டார். ஒரு குறிக்குக்கூட ஒலி கொடுக்கவில்லை.

அந்தக் கட்டத்தை வளர்த்தெடுத்தவர் மைக்கேல் வென்ட்ரிஸ் என்ற கட்டடக் கலைஞர். கிரீட்டின் ஊர்ப்பெயர்களை அதில் பொருத்திப் பார்த்தார். மொழி கிரேக்கம் என்று 1952இல் பிபிசி வானொலியில் அறிவித்தார். அவரும் நெடுங்காலம் எட்ருஸ்கன் என்றே நம்பியிருந்தவர்தான். இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒன்று உண்டு. கோபர் வேற்றுமை உருபு என்று எண்ணிய அந்த மூன்று வடிவங்கள் உண்மையில் ஊர்ப்பெயரும், அவ்வூர் ஆண்களையும் பெண்களையும் குறிக்கும் பெயர்களும். விளக்கம் தவறிப்போனது, கட்டம் குலையவில்லை. ஐராவதம் மகாதேவன் 1977இல் வெளியிட்ட சிந்து எழுத்துத் தொடரடைவும், அதாவது எந்தக் குறி எங்கே வருகிறது என்ற பட்டியலும், அப்படித்தான். அவர் திராவிட மொழி என்று கருதியவர். அதை ஏற்காதவர்களும் அவருடைய தொடரடைவைத்தான் புரட்டுகிறார்கள். உன் வேலை கோபருடையதைவிடக் கடினம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அவருக்கு அரண்மனைக் கணக்குப் பட்டியல்கள் இருந்தன. உனக்கு முத்திரைக்கு ஐந்து குறி கிடைத்தால் அதிகம்.

ஆனால் எல்லாவற்றிலும் அவரைப் பின்பற்றாதே. 1947இல் ஆக்ஸ்போர்டுக்குப் போனார். எவன்ஸ் விட்டுப்போன பலகைகளைப் பதிப்பிக்கும் பொறுப்பு அங்கே ஜான் மைர்ஸ் என்ற முதியவரிடம் இருந்தது. பலகைகளைப் பார்க்க அனுமதி கிடைத்தது. கூடவே அந்தப் பதிப்பின் திருத்தமும் சரிபார்ப்பும் இவர் தலையில் விழுந்தன. சொந்த ஆய்வுக்கு வேண்டிய மாதங்கள் அதில் கரைந்தன. 1950 மே மாதம், 43 வயதில் இறந்தார். அந்தப் பதிப்பு வெளிவந்ததும் 1952இல்தான். அவரை அமைதியான உழைப்பாளி என்று புகழ்பவர்கள் இந்தப் பகுதியை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். எனக்குத் தாண்ட முடியவில்லை.

உன் வழிகாட்டி தன் புத்தகத்துக்கு மெய்ப்புப் பார்க்கச் சொல்கிறார் என்று கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறாய். செய், ஆனால் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று முதலிலேயே மரியாதையாகப் பேசி முடித்துக்கொள். அட்டவணையிலிருந்து உன் பெயரில் ஒரு சிறு கட்டுரையாவது இந்த ஆண்டே அச்சுக்குப் போகட்டும். வாசிப்பு எதுவும் வேண்டாம், எண்ணிக்கையும் இடமும் போதும்.

சிந்து எழுத்தில் ஜாடி போலிருக்கும் குறி பெரும்பாலும் கடைசியில் வருவது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதற்கு முந்தைய இடத்தில் எவையெவை வருகின்றன என்று நீ எடுத்த பட்டியலை எனக்கு அனுப்பு. கணினியில் என் கண்ணுக்குத் தெரியாது, பெரிய எழுத்தில் அச்செடுத்து அம்மாவிடம் கொடுத்துவிடு.

அன்புடன்,
பெரியம்மா