பிஸ்டன் வளையத்தில் இடைவெளி ஏன்?

சோமனூரைப் போலவே சூலூர் வட்டத்தைச் சேர்ந்த ஊர் கலங்கல். அங்கு 1893-ல் பிறந்த ஜி. டி. நாயுடு, இளமையில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, பாகம் பாகமாகக் கழற்றிப் பூட்டியே இயந்திர நுட்பம் கற்றார். பழைய கார் எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிப்போரும் அவ்வாறே கற்கின்றனர்.

மாணவர்களே, பிஸ்டனைச் சுற்றியுள்ள வார்ப்பிரும்பு வளையத்தைக் கவனியுங்கள். அதன் இரு முனைகளும் ஒட்டியிருப்பதில்லை. ஏன்?

உருளையின் விட்டம் 80 மி.மீ. எனில் வளையத்தின் சுற்றளவு சுமார் 251 மி.மீ. வார்ப்பிரும்பின் நீள்விரிவு எண் டிகிரி செல்சியசுக்குச் சுமார் 0.000011. உருளைச் சுவரைவிட வளையம் 100 டிகிரி கூடுதலாகச் சூடேறினால், அது 251 × 0.000011 × 100 = 0.28 மி.மீ. அதிகமாக நீளும்.

இடைவெளி இதனினும் குறைந்தால் முனைகள் மோதி, வளையம் இறுகி, உருளைச் சுவரைக் கீறும். மிகுந்தாலோ வாயு கசிந்து திறன் குறையும். ஆகவே வளையத்தை உருளைக்குள் வைத்து, ஃபீலர் கேஜால் இடைவெளியை அளந்த பின்பே பிஸ்டனில் மாட்ட வேண்டும்.

விட்டம் 100 மி.மீ. ஆனால் எவ்வளவு நீளும்? கணக்கிட்டுப் பாருங்கள்.